இடுப்பில் தெரியும் துப்பாக்கி

அமெரிக்காவின் ரெக்சாஸ் மாநிலத்திலே கைத்துப்பாக்கியை இடுப்பில் எல்லோர் கண்ணிலும் படும்படி செருகிக்கொண்டு கடைக்குப் போகலாம். 2016 இல் அனுமதிப்பத்திரம் உள்ளோருக்குக் கிடைத்த இவ்வுரிமை, 2021 இல் அப்பத்திரமும் வேண்டாமென விரிவாக்கப்பட்டது. சுமப்பவரின் வாதம் எளிது: "என் பாதுகாப்புக்காகவே வைத்திருக்கிறேன், எவரையும் நான் தொடவில்லையே!"

பாண் வாங்க அவருக்குப் பின்னால் நிற்பவளின் நிலை என்ன? அவர் மனத்தை அவள் அறியாள், ஆயுதத்தையே காண்கிறாள். பிள்ளையைத் தன் பக்கம் இழுத்துக்கொள்கிறாள். அவர் வரிசையை மீறினாலும் வாய்திறக்க மாட்டாள். அவருடைய நிம்மதிக்கு விலை கொடுப்பவள் அவளே. அவளது சம்மதத்தையோ எவரும் கேட்டதில்லை.

இவ்வச்சம் நிறபேதமற்றதுமன்று. 1967 இல் கலிபோர்னியாவின் ஒக்லண்ட் நகரிலே கருஞ்சிறுத்தைக் கட்சியினர் வெளிப்படையாகத் துப்பாக்கி ஏந்திப் பொலிஸாரைக் கண்காணித்தனர். அன்றைய சட்டம் அதற்கு இடமளித்தது. உடனே மசோதா எழுந்தது. அதை எதிர்த்து மே மாதத்தில் அவர்கள் ஆயுதங்களோடு சட்டமன்றக் கட்டடத்துள் நுழைந்தனர்; அவ்வாண்டே ஆளுநர் றொனால்ட் றேகன், குண்டேற்றிய துப்பாக்கியைப் பொதுவிடங்களிற் சுமப்பதைத் தடைசெய்யும் சட்டத்திற் கையொப்பமிட்டார். வெள்ளையர் சுமந்த காலமெல்லாம் இந்த வேகம் எங்கே இருந்ததோ!

ஓஹியோவும் வெளிப்படையாகச் சுமப்பதை அனுமதிக்கும் மாநிலமே. 2014 இல் அங்கு ஒரு கடையிலே, விற்பனைக்கிருந்த காற்றுத் துப்பாக்கியைக் கையிலெடுத்து நடந்த கறுப்பின இளைஞனைக் கண்டு வேறொரு வாடிக்கையாளர் பொலிஸாருக்குத் தொலைபேசியில் அறிவித்தார். வந்த பொலிஸார் அவனைச் சுட்டுக் கொன்றனர். சுட்டவர்மீது குற்றஞ்சாட்ட யூரர் சபை மறுத்துவிட்டது.