காற்று நாளில் மூட்டிய தீ

 

2013-ஆம் வருஷம் ஜூன் 21-ந் தேதி வெள்ளிக்கிழமை. சிங்கப்பூரில் பகல் 12 மணிக்குக் காற்றின் மாசு அளவு 401 என்று அறிவித்தார்கள். 300-ஐத் தாண்டினாலே பேராபத்து என்பது அந்தக் கணக்கு. ஜும்ஆவுக்குப் புறப்பட்ட நாங்கள் எதிர்ச்சாரிக் கடையின் பெயர்ப் பலகையைக்கூடப் படிக்க முடியாமல், கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு நடந்தோம். இரண்டு நாள் கழித்து ஜோகூரில் மூவார் பக்கம் அளவு 746-ஐத் தொட, அங்கே அவசர நிலை பிறப்பித்தார்கள்.

அன்று தொழுதுவிட்டுத் திரும்பும்போது ஒருவர் சொன்னார்: "என்ன செய்வது பாய், சுமத்ராவில் கடும் வெயில், காற்றும் இந்தப் பக்கம் அடிக்கிறது. எல்லாம் நாயன் நாட்டம்." நானும் ஆமாம் என்று தலையை ஆட்டினேன். அப்படித் தலையாட்டியது சரிதானா என்பதுதான் இன்று நான் உங்கள் முன் வைக்கும் விஷயம்.

வெயிலும் காற்றும் அல்லாஹுத் தஆலாவின் படைப்பு என்பதில் முஃமினுக்குச் சந்தேகமில்லை. ஜூன் முதல் செப்டம்பர் வரை, சில வருஷங்களில் அக்டோபரிலும், தென்மேற்குப் பருவக்காற்றுக் காலம். தென் சுமத்ராவிலும் கலிமந்தானிலும் மழை சுருங்கிவிடும். பசிபிக் சமுத்திரம் சூடேறுகிற எல் நினோ வருஷமாக இருந்தால், 1997-இலும் 2015-இலும் கண்டது போல், வறட்சி இன்னும் கடுமையாகும். மலேசிய வானிலைத் துறையார் மழை, ஈரப்பதம், வெப்பம், காற்றின் வேகம் ஆகிய நான்கையும் கணக்கிட்டு, எந்த இடத்தில் தீ எளிதாய்ப் பற்றும், எங்கே வேகமாய்ப் பரவும் என்று நாள்தோறும் வரைபடம் வெளியிடுகிறார்கள். ஆகவே தீ மூட்டத் தகாத நாள் எது என்பது கைபுடைய ஞானமல்ல. கேட்டால் தெரியக்கூடிய சங்கதி.

வெயில் தானாகத் தீக்குச்சி கிழிப்பதில்லை. அங்கே எரிகிற தீயில் பெரும்பகுதி நிலத்தைச் சுத்தம் செய்ய மனிதன் வைப்பது. கையில் பாராங் கத்தி தவிர வேறில்லாத ஏழைக் குடியானவனும் வைக்கிறான், பெரிய தோட்டக்காரனும் வைக்கிறான். இருவரையும் ஒரே தராசில் நிறுக்க எனக்கு மனம் வரவில்லை.

அந்த மண்ணும் ஒரு தனி மண். மலாய்க்காரர்கள் தானா கம்புட் என்பார்கள். ஆயிரக்கணக்கான வருஷம் நீரில் ஊறிக்கிடந்த மரமும் செடியும் முழுக்க மக்காமல் பல அடி ஆழத்துக்குப் படிந்தது. ஈரம் இருக்கும்வரை அது பற்றாது. செம்பனைக்கும் காகித மரத்துக்கும் கால்வாய் வெட்டி நீரை வடித்துவிட்டால் முழுதும் விறகுதான். மேலே அணைந்தது போல் தெரியும்; அடியில் வாரக்கணக்காகக் கனன்றுகொண்டிருக்கும். பெருமழை வந்தாலொழிய அடங்காது. 1990-களின் நடுவில், நெல் விளைவிக்கப் போகிறோம் என்று மத்திய கலிமந்தானில் 10 இலட்சம் ஹெக்டேர் திட்டம் போட்டு, நீளமான கால்வாய்களைத் தோண்டினார்கள். நெல் விளையவில்லை. 1997-இல் நெருப்பு விளைந்தது. 2015-இல் இந்தோனேசியா முழுவதிலுமாக எரிந்தது ஏறக்குறைய 26 இலட்சம் ஹெக்டேர். நஷ்டம் 1,600 கோடி அமெரிக்க டாலர் என்று உலக வங்கியார் மதிப்பிட்டார்கள். அந்த வருஷம் ஹஜ்ஜுப் பெருநாள் செப்டம்பர் 24. மறுநாள் சிங்கப்பூரில் புகைக்காகப் பள்ளிக்கூடங்களை மூடினார்கள்.

மதரஸாவில் ஓதிய நாளில், பிக்ஹுப் பாடத்தில் ஒரு சட்டம் படித்தோம். ஒருவன் தன் சொந்த நிலத்தில் வழக்கமான அளவுக்குத் தீ மூட்டி, பொறி பறந்து அடுத்தவன் பொருள் எரிந்தால் அவன் மேல் ஈடு இல்லை. பலமான காற்று வீசும் நாளில் மூட்டியிருந்தாலோ, வழக்கத்துக்கு மிஞ்சி மூட்டியிருந்தாலோ அவன் ஈடு கொடுத்தாக வேண்டும். இது நம் ஷாபிஈ மத்ஹபின் நூல்களில் உள்ள சட்டம். சிறுவனாக இருந்தபோது வைக்கோற்போர்க்காரனுக்குச் சொன்னது என்று நினைத்துக்கொண்டேன். சகோதரர்களே, இதைச் சற்று யோசித்துப் பாருங்கள். "காற்றல்லவா கொண்டுபோயிற்று" என்று நாம் சாக்குச் சொல்கிறோம். இமாம்களோ, காற்று இருந்தது என்பதையே குற்றத்துக்குச் சாட்சியாக எடுத்துக்கொண்டார்கள்! காய்ந்த பூமியும் வீசுகிற காற்றும் தெரிந்திருந்தும் மூட்டினாயே என்பதுதான் அவன் மேல் வழக்கு.

2016-இல் இந்தோனேசிய உலமா சபையார், பிறருக்குக் கேடு விளைக்கும்படி காட்டையும் நிலத்தையும் எரிப்பது ஹராம் என்று பத்வா கொடுத்தார்கள். அதோடு நிறுத்தவில்லை. அதற்கு வசதி செய்து கொடுப்பதும், கண்டும் விட்டுவிடுவதும், அதனால் இலாபம் அடைவதும் ஹராம் என்றார்கள். கடைசிச் சொல்லைப் படித்ததும் எனக்குப் பகீரென்றது. நான் காடு எரித்தவனல்ல, கடை வைத்திருப்பவன். இலாபம் என்ற சொல் என் சொல்.

2013-இல் நான் மாமாவின் கடையில் இருந்தேன். அவர் ஊருக்குப் போயிருந்தார். புகை மூடிய வாரத்தில் முகமூடிக்கு ஊரெல்லாம் அடிதடி. 1 வெள்ளிச் சரக்கை 3 வெள்ளிக்கு விற்றேன். வாங்கியவர்கள் எனக்கு நன்றியும் சொல்லிவிட்டுப் போனார்கள். மாமா திரும்பி வந்ததும் கல்லாக் கணக்கைக் கையில் கொடுத்தேன், புத்திசாலி என்று சொல்வார் என எதிர்பார்த்து. அவர் ரொம்ப நேரம் ஏட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "ஏம்ப்பா, முகமூடி விற்றாயா, புகையை விற்றாயா?" என்று மட்டும் கேட்டார். கூடுதலாக வாங்கிய பணத்தைத் தனியே எடுத்து வைக்கச் சொன்னார். தெரிந்த முகங்களைத் தேடிப் பிடித்துக் கொடுத்தேன். சிலர் வெட்கப்பட்டு வாங்கவில்லை. சீனத்து மூதாட்டி ஒருவர் எண்ணிப் பார்த்து வாங்கிக்கொண்டார். ஆள் தெரியாத மீதத்தை, கொடுத்தவர்கள் பேரால் ஸதக்கா செய்துவிடும்படி இமாம் சொன்னார்கள்.

அது சின்ன இலாபம். பெரிய இலாபம் நம் அலமாரியில் இருக்கிறது. எண்ணெய், சவர்க்காரம், பிஸ்கோத்து, டிஷ்யூ எல்லாம் ஏதோ ஒரு நிலத்தில் விளைந்து வருவதுதானே? 2014-இல் சிங்கப்பூர் அரசாங்கம் சட்டம் போட்டது: வெளிநாட்டில் தீ வைத்து இங்கே புகை வரச் செய்யும் கம்பெனிக்கு நாளொன்றுக்கு 1 இலட்சம் வெள்ளி வரை அபராதம். 2015 அக்டோபரில் இங்குள்ள பேரங்காடிகள் சில, தீயோடு சம்பந்தப்படுத்திப் பேசப்பட்ட காகிதச் சரக்குகளை அலமாரியிலிருந்து இறக்கின. அவர்களால் முடிந்தது நம் சின்னக் கடைக்கு முடியுமா என்று கேட்பீர்கள். முழுக்க முடியாது. மலிவுச் சரக்கை மறுத்தால் பக்கத்துக் கடைக்காரர் விற்பார், வாடகை காத்திருக்காது. இதெல்லாம் எனக்கும் தெரியும். ஆனால் கேட்பதற்குக் காசில்லை.

மாமா மவுத்தாகிவிட்டார். இப்போது ஒவ்வொரு வருஷமும் ஜூன் பிறக்குமுன் இரண்டு பெட்டி முகமூடி வாங்கி, விற்கும் விலையைப் பெட்டியின் மேலேயே மையால் எழுதி வைத்துவிடுகிறேன். டிஷ்யூவும் எண்ணெயும் கொண்டுவரும் விற்பனையாட்களிடம், எந்த நிலத்துச் சரக்கு, எரித்த நிலமா என்று கேட்கிறேன். அநேகர் சிரித்துவிட்டுப் போகிறார்கள். ஒருவர் மட்டும் அடுத்த வாரம் ஒரு காகிதத்தைக் கொண்டுவந்து காட்டினார். அவரிடம்தான் இப்போது வாங்குகிறேன், பெட்டிக்கு 40 காசு கூடுதல்.