நம் வீட்டு வெளிச்சமும் அயலவர் வீட்டுத் தூசும்



மார்ச், ஆகஸ்ட் திருவிழாக்களுக்குத் தலவில புனித அன்னம்மாளை நாடிச் செல்லும் நம் குடும்பங்கள் பல. அத்திருத்தலம் அமைந்த கற்பிட்டிக் குடாநாட்டிலேதான் நுரைச்சோலை நிலக்கரி மின்நிலையமும் இருக்கிறது. 2011இல் முதற்பிரிவும் 2014இல் மற்ற இரு பிரிவுகளும் இயங்கத் தொடங்கின. மொத்த ஆற்றல் 900 மெகாவாட்.

அங்கே எரியும் நிலக்கரி நம் மண்ணில் கிடைப்பதன்று. ஆண்டுதோறும் ஏறக்குறைய 20 இலட்சம் தொன் கடல் கடந்து வருகிறது. கப்பல்கள் ஆழ்கடலில் நங்கூரமிட, நிலக்கரி தட்டைப்படகுகளில் இறங்குதுறைக்கு வந்து, ஓடும் பட்டிகளில் ஏறி, முற்றத்தில் மலையெனக் குவிகிறது. தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் கடல் கொந்தளிப்பதால் இறக்கும் வேலை நின்றுவிடும்; அம்மாதங்களுக்கு வேண்டியதையும் முன்னரே குவித்துவைக்க வேண்டும். அதே காற்று கடலிலிருந்து ஊர்ப்பக்கம் வீசுகிறது. வீடுகளிலும் தோட்டங்களிலும் கரித்தூசும் சாம்பலும் படிவதாக மக்களும், தொழில் பாதிக்கப்பட்டதாக மீனவரும் பல ஆண்டுகளாக முறையிடுகின்றனர்.

“நாம் எவருக்கும் தீங்கு செய்யவில்லையே, மின்கட்டணத்தை ஒழுங்காகச் செலுத்துகிறோமே” என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். மின்சாரம் நல்லது. 1990களில் யாழ்ப்பாணத்தில் சிமினி விளக்கில் படித்த பிள்ளைகளுக்கும், 2022 மார்ச் இறுதியில் 13 மணிநேர மின்வெட்டைக் கண்ட குடும்பங்களுக்கும் அதன் அருமை தெரியும். நிலையத்தை நாளைக்கே மூடினால் இருள் முதலில் சூழ்வது ஏழையின் வீட்டையே.

ஆனால் லாசருவின் கதையைச் சிந்தியுங்கள். செல்வன் லாசருவை அடித்ததாகவோ விரட்டியதாகவோ நற்செய்தி கூறவில்லை. தன் வாசலில் கிடந்தவனைப் பொருட்படுத்தாமல் நாள்தோறும் விருந்துண்டான். அதுவே அவன் குற்றம். நமது மின்கட்டணப் பட்டியலில் எரிபொருளின் விலை உண்டு. தூசைச் சுவாசிப்பவர் கொடுக்கும் விலை இல்லை. அந்தக் கடனைத் தீர்ப்பது தருமமன்று, நீதி.

எப்படித் தீர்ப்பது? முதலாவது, வீண்செலவைக் குறைப்போம். விடிய விடிய எரியும் நம் ஆலயத் திருவிழா அலங்கார விளக்குகளிலிருந்தே தொடங்கலாம். இதைக் குருக்களாகிய எங்களுக்கும் சேர்த்தே சொல்கிறேன். இரண்டாவது, குவியலை மூடிப் பாதுகாக்கவும் சாம்பலை ஒழுங்காக அகற்றவும் பாதிப்புற்றோருக்கு ஈடு வழங்கவும் அம்மக்கள் கேட்கும்போது, அக்குரலை நம் குரலாகவும் கொள்வோம். மூன்றாவது, கூரையில் சூரிய மின்கலம் பொருத்த வசதியுள்ளோர் தயங்க வேண்டாம். நிலக்கரியைத் தாமதமின்றிப் படிப்படியாகக் கைவிட வேண்டும் எனத் திருத்தந்தை பிரான்சிஸ் 2015ஆம் ஆண்டுத் திருமடலில் வற்புறுத்தினார். புதிய நிலக்கரி நிலையம் அமைப்பதில்லை என 2021இல் இலங்கையும் உலக அரங்கில் வாக்களித்தது. வாக்கு நிறைவேறுவது நம் கையிலும் இருக்கிறது.

அடுத்த முறை தலவிலவுக்குச் செல்லும்போது, நேர்த்திக்கடனை முடித்துக்கொண்டு உடனே திரும்பிவிடாதீர்கள். அயலூர்க் குடும்பம் ஒன்றோடு சற்றுநேரம் அமர்ந்து பேசுங்கள். லாசருவின் பெயரை நற்செய்தி நமக்குச் சொல்கிறது. இவர்களின் பெயரை நாம்தான் கேட்டறிய வேண்டும்.