பெற்ற இசைவா, பறித்த இசைவா?

சிறு வேண்டுகோளுக்கு உடன்பட்டவர் பெரியதற்கும் எளிதில் இணங்குவார் என்று ஃப்ரீட்மன், ஃப்ரேசர் என்னும் உளவியலார் 1966-இல் ஆய்ந்து காட்டினர். பேரனின் கைபேசியில் பாட்காஸ்ட் ஒன்றில் இதனைக் கேட்டபோது நம் அணுவிரதமே நினைவுக்கு வந்தது. அதுவும் சிறு நோன்பினின்று மகாவிரதத்திற்கு ஏறும் படியன்றோ! ஆயினும் நோன்பு ஏற்பவர் மேற்படியை அறிந்தே ஏறுகிறார். அங்கோ, கேட்பவர் மட்டுமே அறிவார்.

பகவான் மகாவீரர் வீடுபேறடைந்த நாள் தீபாவளி. எம். புதுப்பட்டியில் என் வகுப்புப் பிள்ளைகளைப் "பட்டாசு வெடியோம்" என உறுதியேற்கச் செய்தேன். ஒரு சிறுமி மட்டும் கை உயர்த்தவில்லை. அவள் தாய் ஆலையில் சரவெடி பின்னுபவர். "எல்லாரும் தூக்கிவிட்டார்கள், நீ மட்டுமா?" என்றேன். கை உயர்ந்தது. மனமுவந்து கொடாததைக் கொள்ளுதல் களவெனில், அவ்விசைவும் களவே.

மறுநாள் கேட்டாள்: "டீச்சர், அப்போ அம்மா வேலைக்குப் போகக் கூடாதா?"

விடை கூறாமல் பாடத்தைத் தொடங்கினேன்.