மதிப்பறிதலே வழிபாடு

வழிபடுதல் என்று தமிழில் நாம் கூறுவதை ஆங்கிலேயர் ‘வொர்ஷிப்’ என்னும் வினைச்சொல்லால் குறிப்பர். தெய்வத்திற்கு மட்டுமே உரிய சொல் இது என்று பலரும் எண்ணுவர். ‘வொர்த்’ என்றால் மதிப்பு. தன்மையைக் காட்டும் ‘ஷிப்’ என்னும் விகுதி அதனோடு சேர்ந்து பழைய ஆங்கிலத்தில் இச்சொல் பிறந்தது. மதிப்புடைமை என்பதே இதன் ஆதிப் பொருள். மதிப்புடையாரை மதித்தலும், தெய்வத்தைத் தொழுதலும் பின்னர் வந்த பொருள்கள்.

இங்கிலாந்துத் திருச்சபையின் 1549ஆம் ஆண்டு வழிபாட்டு நூலில், விவாஹத்தின்போது மணமகன் மோதிரம் அளித்து, மணமகளைத் தன் உடலால் ‘வொர்ஷிப்’ செய்வதாகக் கூறுகிறான். மனிதருக்கு இச்சொல் தகுமோ என்று ப்யூரிட்டன் பிரிவினர் ஆக்ஷேபித்தனர். ஆயினும் 1662ஆம் ஆண்டு நூலிலும் அது நிலைத்தது. உயர்ந்த மதிப்பு என்பதே அங்குப் பொருள். மேயரை ‘வணக்கத்திற்குரிய’ என்று தமிழில் அழைப்பதும் இவ்வாங்கில வழக்கைத் தழுவியதே.

ஸம்ஸ்க்ருதமும் இவ்வாறே பேசுகிறது. ‘அர்ஹ’ என்னும் தாது தகுதியைக் குறிக்கும். அதினின்று வந்த ‘அர்ஹணம்’ பூஜையைக் குறிக்கும். ‘அர்க்கம்’ என்றால் விலை, மதிப்பு. மதிப்பிற்குரியவருக்கு ஸமர்ப்பிக்கும் தீர்த்தமே அர்க்யம்.

இங்கு ஒரு வினா எழும். எம்பெருமான் பரிபூர்ணன். நாம் ஸமர்ப்பிக்கும் அர்க்யத்தால் அவனுக்கு ஏறும் மதிப்பு யாது? யாதுமில்லை. கர்ப்பக்ருஹத்தில் காட்டும் தீபம் அவனுக்கு ஒளியூட்டுவதற்கோ? நம் கண்கள் அவனைக் காண்பதற்கன்றோ! அவ்வாறே பூஜையும், என்றும் உள்ள அவன் மதிப்பை நாம் உணர்வதற்கு ஏற்பட்டது.

மதிப்பை உணர்ந்தவன் எவ்வாறு நடப்பான்? தர்மபுத்ரரின் ராஜஸூய யாகத்தில் முதல் அர்க்யம் பெறத் தக்கவர் யார் என்ற விசாரம் எழுந்தது. கண்ணனே என்றார் பீஷ்மர். சிசுபாலன் அதைப் பொறாமல் இகழ்ந்தான். அதனால் கண்ணனுக்குக் குறைவு நேரவில்லை, அழிந்தவன் சிசுபாலனே. அதே யாகத்தில், வந்தோரின் பாதங்களை விளக்கும் பணியைக் கண்ணன் தானே ஏற்றான் என்கிறது ஸ்ரீமத் பாகவதம். முதல் பூஜைக்கு உரியவன் பிறருக்கு அளித்த மதிப்பு அத்தகையது.

அவனை ஸேவிக்க வந்தவர், வரிசையில் நிற்கும் முதியவரைத் தள்ளி முன்னேறுவாராயின், அவர் ஸமர்ப்பித்த துளஸி மாலைக்குப் பொருள் என்ன? எம்பெருமான் அந்தர்யாமியாய் எல்லோருள்ளும் உறைகின்றான் என்பது நம் ஸித்தாந்தம். ஸந்நிதியில் கைகூப்பியவர், வெளியே பிரகாரத்தைப் பெருக்குபவரை ஏளனமாகப் பேசின், கூப்பிய கை பாதி வழியிலேயே நின்றுவிட்டது எனலாம். பாகவத அபசாரத்தைக் கொடியதென்று நம் ஆசார்யர்கள் விலக்கியதும் இதனாலேயே.

இம்மஹோத்ஸவத்திற்கு எழுந்தருளியுள்ள அன்பர்கள், திருவீதியில் எம்பெருமானை ஸேவிக்கும்போது, அருகில் நிற்பவருக்கும் சற்று இடமளித்து ஸேவிப்பார்களாக. அதுவும் அவன் உகக்கும் ஆராதனமே.