மயக்கமும் மருந்தும்



வல்ல நாயனைப் புகழ்ந்து, அவன் தூதர் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மீது ஸலவாத்துச் சொல்லி இம்மாத உரையைத் தொடங்குகிறேன்.

நம் சங்கத்து அங்கத்தினர் ஒருவர், துணிக்கடை வைத்திருப்பவர், சென்ற மாதம் ஜும்ஆத் தொழுகைக்குப் பின் என்னைத் தனியே அழைத்தார். "ஹஜ்ரத், என் தம்பி குடும்பத்தோடு இங்கிலாந்தில் இருக்கிறான். நரம்பு வியாதி வந்து அவன் கால்கள் கட்டை போல் விறைத்துக் கொள்கின்றன. அங்குள்ள டாக்டர் கஞ்சாச் செடியிலிருந்து எடுத்த மருந்து ஒன்றை எழுதிக் கொடுத்தார். கேட்டதும் எனக்கு உடம்பு பதறியது. நம் குடும்பத்தில் கஞ்சாவைத் தொட்டவன் கிடையாது, உடனே நிறுத்து என்று போனில் சொல்லிவிட்டேன். அண்ணன் சொல்லைத் தட்டாத பிள்ளை, நிறுத்திவிட்டான். இப்போது இரவெல்லாம் கால் வெட்டி இழுக்கிறதாம், உறக்கம் இல்லையாம். நான் செய்தது சரிதானா?" என்று கேட்டார்.

சகோதரர்களே, இது அவர் ஒருவருடைய கேள்வி மட்டுமல்ல. இன்று நம்மில் பலருக்கு மேல்நாடுகளில் பிள்ளைகளும் மருமக்களும் இருக்கிறார்கள். நாளை உங்கள் வீட்டிலும் இக்கேள்வி எழலாம். ஆகவே இதை நிதானமாக ஆராய்வோம். சரக்கைப் பாராமல் விலை சொல்லும் வியாபாரி நஷ்டப்படுவான். விஷயத்தை அறியாமல் தீர்ப்புச் சொல்பவனோ பிறரையும் நஷ்டத்தில் ஆழ்த்துவான்.

முதலில் வியாதியைப் பார்ப்போம். மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்பது இதன் பெயர். 1868ஆம் ஆண்டில் பாரிஸ் நகரத்து வைத்தியர் ஷார்க்கோ என்பவர் இதைத் தனியொரு வியாதியாக விவரித்தார். நம் கடைகளில் ஓடும் மின்சாரக் கம்பியின் மீது ஓர் உறை இருக்கிறதல்லவா? நரம்புகளின் மீதும் அதுபோன்ற உறை உண்டு. உடலைக் காக்க வேண்டிய நோய் எதிர்ப்புச் சக்தியே தடம் மாறி, மூளையிலும் முதுகுத்தண்டிலும் உள்ள அவ்வுறையை அரித்துவிடுகிறது. உறை போன கம்பியில் மின்சாரம் தடுமாறுவது போல, மூளையின் கட்டளை தசைகளுக்கு ஒழுங்காகப் போய்ச் சேருவதில்லை. தசைகள் தாமே இறுகிக் கொள்கின்றன. நடக்க முடியாது, முழங்கால் மடங்காது, நள்ளிரவில் கால்கள் வெட்டி வெட்டி இழுக்கும். இந்த வியாதியை அடியோடு போக்கும் மருந்து இன்றுவரை இல்லை. அதன் வேகத்தைத் தணிக்கும் மருந்துகளும், துன்பத்தைக் குறைக்கும் மருந்துகளுமே உள்ளன.

இறுக்கத்துக்கு டாக்டர்கள் முதலில் கொடுப்பது கஞ்சா மருந்தல்ல. பாக்லோஃபென், காபாபென்டின் முதலான மாத்திரைகளையே கொடுக்கிறார்கள். அவற்றால் பயன் கிட்டாத பின்னரே ஸாட்டிவெக்ஸ் என்னும் இம்மருந்தை நினைக்கிறார்கள். பிரிட்டனில் 2010ஆம் ஆண்டில் இதற்கு அனுமதி கிடைத்தது. இது புகைக்கும் பொருளன்று. சிறு குப்பியிலிருந்து நாவின் அடியிலோ கன்னத்தின் உட்புறத்திலோ தெளித்துக் கொள்வது. ஒரு தெளிப்பில் மயக்கம் தரும் டி.எச்.சி. என்னும் சத்து 2.7 மில்லிகிராமும், மயக்கம் தராத சி.பி.டி. என்னும் சத்து 2.5 மில்லிகிராமும் உண்டு. ஒரு தெளிப்புக்கும் அடுத்ததற்கும் கால் மணி நேரமாவது இடைவெளி வேண்டும். நாளொன்றுக்கு 12 தெளிப்புக்கு மேல் கூடாது.

இம்மருந்து எல்லோருக்கும் கேட்பதுமில்லை. 2011ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆராய்ச்சியில் 572 நோயாளிகளுக்கு நான்கு வாரம் கொடுத்துப் பார்த்தார்கள். அவர்களுள் 272 பேருக்கே இறுக்கம் ஐந்தில் ஒரு பங்காவது குறைந்தது. பாதிப் பேருக்குக்கூட இல்லை. ஆனால் குணம் கண்டவர்களுக்கு, மருந்தில்லாத வெறும் தெளிப்பைக் காட்டிலும் இது மேலாக இருந்தது. எனவே 2019ஆம் ஆண்டில் பிரிட்டனின் நைஸ் என்னும் வைத்திய வழிகாட்டு நிறுவனம் பின்வரும் நிபந்தனைகளை வகுத்தது: கடுமையான அல்லது நடுத்தரமான இறுக்கம் இருக்க வேண்டும். மற்ற மருந்துகள் பலிக்காமல் போயிருக்க வேண்டும். இவ்வியாதியில் தேர்ந்த நிபுணரே தொடங்கி வைக்க வேண்டும். நான்கு வாரத்தில் ஐந்தில் ஒரு பங்கு குணமாவது தெரியாவிட்டால் நிறுத்திவிட வேண்டும்.

இனி மார்க்கத்துக்கு வருவோம். போதை தரும் ஒவ்வொன்றும் ஹராம் என்பதில் இரண்டாவது பேச்சில்லை. கஞ்சாவும் அதன் மறு உருவான ஹஷீஷும் அதில் அடங்கும். ஹஷீஷ் விலக்கப்பட்டது என்பதை நிறுவ இமாம் ஸர்கஷீ அவர்கள் தனி நூலே எழுதினார்கள். உல்லாசத்துக்கும், கவலையை மறக்கவும், நண்பர் வற்புறுத்தலுக்கும் அதைத் தொடுபவன் பாவி. மேல்நாட்டில் சட்டம் தளர்ந்ததால் இந்த விலக்கு தளர்ந்துவிடாது.

"மதுவை மருந்துக்காகத்தான் செய்கிறேன்" என்ற கருத்தில் பேசிய தாரிக் இப்னு ஸுவைத் (ரலி) அவர்களை, அது மருந்தல்ல, நோயே என்று நாயகம் (ஸல்) அவர்கள் தடுத்த செய்தியையும் நாம் அறிவோம். மருந்தின் பெயரால் மதுவுக்குக் கதவு திறப்பதை மார்க்கம் ஏற்கவில்லை.

ஆனால் அதே மார்க்கம் நோயாளியின் துன்பத்தைப் பாராமல் முகம் திருப்பவுமில்லை. ஆண்களுக்குப் பட்டாடை ஹராம். அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி) அவர்களை நாமறிவோம். மதீனா கடைத்தெருவில் தயிர்க்கட்டியும் நெய்யும் விற்று உயர்ந்த பெரும் வியாபாரி அவர். அவருக்கும் ஸுபைர் (ரலி) அவர்களுக்கும் உடம்பில் கடும் அரிப்பு வந்தபோது, பட்டுச் சட்டை அணிந்து கொள்ள நாயகம் (ஸல்) அவர்களே அனுமதி அளித்தார்கள். பட்டின் விலக்கு போய்விட்டதா? இல்லை. நோயாளிக்கு அவன் தேவையின் அளவுக்கு வழி விடப்பட்டது. ஆசையோ வரம்பு மீறலோ இன்றி நிர்ப்பந்தத்துக்கு ஆளானவன் மீது குற்றமில்லை என்பது திருமறையின் போதனையும் ஆகும்.

இந்த அடிப்படையில், அழுகிய உறுப்பை வெட்டியெடுக்கும் நேரத்தில் மது அல்லாத மயக்கப் பொருளை நோயாளிக்குக் கொடுக்கலாம் என்று ஷாபிஈ மத்ஹபின் இமாம் நவவீ (மறைவு 1277) அவர்கள் எழுதினார்கள். உலமாக்கள் கேட்பவை இவை: தேவை மெய்யானதா? ஆகுமான வேறு மருந்து இல்லையா? நம்பத்தக்க வைத்தியன் சொன்னானா? தேவைக்கு மேல் போகாமல் அளவு காக்கப்படுகிறதா?

சகோதரர்களே, இக்கேள்விகளை அந்த நைஸ் நிறுவனத்தின் நிபந்தனைகளோடு தராசில் வைத்துப் பாருங்கள். இரு தட்டும் சமமாக நிற்பதைக் காண்பீர்கள். வேறு மருந்துகள் பலிக்காத பின்பு, நிபுணர் கையால், அளந்த அளவில், பலன் தெரிந்தால் மட்டும் என்று வைத்தியம் சொல்கிறது. நிர்ப்பந்தத்தில், தேவையின் அளவுக்கு மட்டும் என்று ஷரீஅத்தும் சொல்கிறது.

இன்னொரு சந்தேகமும் உண்டு. இம்மருந்தில் ஆல்கஹால் கரைப்பானாகச் சேர்ந்திருக்கிறது. ஒரு தெளிப்பில் அதிகம் போனால் 0.04 கிராம்; 12 தெளிப்பும் சேர்ந்து அரைக் கிராமுக்குச் சற்றுக் குறைவு. இத்தகையவற்றைப் பற்றி மலேசியாவின் தேசிய பத்வா மன்றம் 2011 ஜூலையில் தீர்ப்பளித்தது: மது காய்ச்சும் முறையில் வராத ஆல்கஹால், மருந்து கெடாமலிருக்கக் கரைப்பானாகச் சேர்ந்திருப்பின், அம்மருந்து அசுத்தமுமல்ல, ஆகுமானதே. ஆயினும் பேணுதலுள்ளவர்கள் தம் ஊர் உலமாக்களிடமும் மருந்துக்கடைக்காரரிடமும் விசாரித்துக் கொள்வது நலம்.

எச்சரிக்கைகள் சிலவும் உண்டு. தலைசுற்றலும் அசதியும் முதல் வாரங்களில் வரலாம்; அந்நிலையில் வண்டி ஓட்டலாகாது. மனப்பிறழ்வு நோய் தமக்கோ குடும்பத்திலோ இருந்தவர்களுக்கும், பாலூட்டும் தாய்மார்களுக்கும் இது கூடாது.

வியாபாரிகளாகிய உங்களுக்கு இரண்டு வார்த்தை. மலேசியாவில் 1952ஆம் ஆண்டின் அபாயகர மருந்துகள் சட்டமும், சிங்கப்பூரில் 1973ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டமும் நடப்பில் உள்ளன. உறவினர் கொடுத்தார் என்று அங்கிருந்து ஒரு குப்பியைப் பெட்டியில் போட்டுக் கொண்டு விமானம் ஏறாதீர்கள். லண்டன் டாக்டரின் சீட்டு மட்டும் இங்கே காப்பாற்றாது. நோயாளியே வருவதாயினும், முன்கூட்டியே அதிகாரிகளிடம் எழுத்து மூலம் கேட்டுத் தெரிந்து கொள்ளட்டும். அடுத்தது, கஞ்சா எண்ணெய் எல்லா வியாதிக்கும் அருமருந்து என்று எவனாவது சரக்குக் கொண்டு வந்தால் கடை வாசலிலேயே திருப்பி அனுப்புங்கள். நிபுணர் அளந்து கொடுக்கும் மருந்துக்குள்ள சலுகை அந்தச் சரக்குக்கு இல்லை. அதில் வரும் லாபம் நெருப்பு.

அந்தச் சகோதரருக்கு நான் சொன்ன பதில் இதுதான்: "தம்பி கஞ்சா குடிக்கவில்லை, வைத்தியம் செய்து கொண்டான். ஹராமுக்கு அஞ்சிய உங்கள் உள்ளம் நல்லது. ஆனால் விசாரியாமல் கட்டளையிட்டது தவறு. இன்றே அவனைக் கூப்பிட்டு, அறியாமல் சொல்லிவிட்டேன் என்று சொல்லுங்கள். அவன் தானாகத் தொடங்காமல், தன் டாக்டரிடம் போய், நிறுத்தியதைச் சொல்லி, அவர் சொல்கிறபடி நடக்கட்டும். பலன் இல்லையென்று அவர் சொன்னால் விட்டுவிடட்டும்."

அவர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "ஸுஜூதுக்குக் குனிய முடியவில்லை என்று அழுகிறான், ஹஜ்ரத்" என்றார். நிற்க முடியாதவன் உட்கார்ந்தும், அதுவும் இயலாதவன் ஒருக்களித்துப் படுத்தும் தொழலாம் என்று, நோயுற்றிருந்த இம்ரான் இப்னு ஹுஸைன் (ரலி) அவர்களுக்கு நாயகம் (ஸல்) அவர்கள் கற்பித்ததைச் சொல்லியனுப்பினேன். மருந்து பலித்தாலும் பலிக்காவிட்டாலும் அவன் தொழுகை குறைவுபடாது.

ஹராமைக் கண்டு அஞ்சும் உள்ளத்தையும், நோயாளியைக் கண்டு இரங்கும் உள்ளத்தையும் அல்லாஹ் நமக்கு ஒருங்கே அருள்வானாக. நோயுற்ற நம் சகோதரர் அனைவருக்கும் ஷிபாவைத் தந்தருள்வானாக. ஆமீன். வஸ்ஸலாம்.