பஞ்சம் யார் வினை?

சென்ற பௌர்ணமி உபோசதத்தன்று மட்டாஞ்சேரியில் தம்ம உரை முடிந்தபின், சலவைத் தொழில் புரியும் முதிய உபாசகர் ஒருவர் எழுந்து, "ஐயா, தாது வருஷப் பஞ்சத்தில் எங்கள் முப்பாட்டனார் வீட்டில் எழுவர் பசியால் மாண்டார்களாம். அது அவர்கள் முன்வினை என்று ஊரில் பெரியவர்கள் சொன்னார்களாம். அப்படித்தானா?" என்று வினவினார். அன்று நாம் கூறிய விடை நமக்கே நிறைவளிக்கவில்லை. ஆகலின் இதனை எழுதலானோம்.

முதற்கண் மழை பொய்த்ததா என்பதை விசாரிப்போம். அதற்கு மரமும் ஒரு சாட்சியாம். தேக்கு, கோடையில் இலையுதிர்த்து வளர்ச்சியை நிறுத்திக்கொள்ளும். மீண்டும் தளிர்க்குங்கால் பெருந்துளைகளையுடைய கட்டையையும், பின்னர் இறுகிய கட்டையையும் சேர்க்கும். இவ்விரண்டும் கூடியது ஓராண்டின் வளையம். மழை குன்றிய ஆண்டில் வளையம் ஒடுங்கும். (நம் முற்றத்துத் தென்னையில் இதனைத் தேடுவார் ஏமாறுவர், அதன் மேலுள்ள தழும்புகள் மட்டை விழுந்த இடங்களேயாம்.) இதற்காக மரத்தை வெட்ட வேண்டுவதில்லை. உள்ளே குழலான துளைக்கருவியைச் செலுத்திப் பென்சில் போன்ற மெல்லிய கட்டையை எடுத்து எண்ணுகின்றனர். ஒரு மரத்தின் சாட்சியை மட்டும் அறிஞர் கொள்ளார். நோயாலும் பக்கத்து மரத்தின் நிழலாலும் வளையம் ஒடுங்கக்கூடும். மழை இடைவிட்டுப் பெய்யின் ஓராண்டிலேயே பொய்வளையம் தோன்றுதலும் உண்டு. எனவே பல மரங்களை ஒப்புநோக்கி, எல்லாவற்றிலும் ஒருங்கே ஒடுங்கிய ஆண்டையே வறட்சியாண்டு எனத் துணிவர். காலாம சூத்திரம் கற்ற நமக்கு இம்முறை புதிதன்று.

புனேயிலுள்ள இந்திய வெப்பமண்டல வானிலையியல் நிறுவனத்தார் கேரளத் தேக்குகளை இங்ஙனம் ஆய்ந்து, 1481 முதல் 2003 வரை 523 ஆண்டுகளின் தொடரை 2010-இல் வெளியிட்டனர். பசிபிக் கடல்நீர் வழக்கத்தினும் வெப்பமுறும் எல் நினோ நிலைக்கும், பருவமழை குன்றுதற்கும், வளையம் ஒடுங்குதற்கும் உள்ள தொடர்பை அதில் காட்டினர். அதே ஆண்டில் எட்வர்டு குக் முதலானோர், ஆசியாவின் 300-க்கும் மேற்பட்ட வளையத் தொடர்களைக் கொண்டு வறட்சி வரைபடத் தொகுதி ஒன்றை வெளியிட்டனர். அதில் 1876–78 பெருவறட்சி தெளிவாகப் பதிந்துள்ளது.

ஆகவே மழை பொய்த்தது மெய். ஆயின் தொலைவிலுள்ள கடல் வெப்பமுற்றதற்கும், ஓர் ஏழைக் குடும்பம் முற்பிறப்பில் செய்ததாகச் சொல்லப்படுவதற்கும் யாது தொடர்பு? நம் அட்டகதாசிரியர்கள் நியமங்கள் ஐந்து என வகுத்தனர். பருவத்தின் ஒழுங்கை உதுநியமம் என்றும், வித்தின் ஒழுங்கைப் பீஜநியமம் என்றும் வேறு வைத்து, கம்மநியமத்தை அவ்வைந்தினுள் ஒன்றாக மட்டுமே எண்ணினர். சீவகன் என்னும் பரிவிராஜகன், மனிதன் நுகரும் இன்பதுன்பம் யாவும் முன்வினையாலாவனவோ என வினவியபோது பகவன் உடன்படவில்லை. பித்தம், கபம், வாதம், அவற்றின் கூட்டு, பருவமாற்றம், ஒழுங்கற்ற நடை, பிறர் செய்யும் தாக்குதல், கம்மபலன் என எட்டுக் காரணங்களைக் கூறினார். இதனைச் சம்யுத்த நிகாயத்தில் காணலாம். பிறர் செய்யும் தாக்குதல் என்பதைச் சகோதரர்கள் ஊன்றி நோக்க வேண்டும்.

ஏனெனில் பஞ்சம் வேறு, வறட்சி வேறு. 1877–78-இல் இந்தியாவிலிருந்து இங்கிலாந்துக்குச் சுமார் 3,20,000 டன் கோதுமை கப்பலேறியது. 1877-இல் ரிச்சர்டு டெம்பிள், நிவாரண வேலை செய்யும் ஆடவனுக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியமும் ஓரணாவும் போதும் என விதித்தார். அது உழைப்பவன் உயிர்தாங்கப் போதாது என்று சென்னை மாகாணத்துச் சுகாதார அதிகாரியாகிய டாக்டர் கார்னிஷ் வாதாடினார். அப்பஞ்சத்தில் மாண்டோர் 50 இலட்சத்திற்கு மேல் என்பர். இவற்றுள் எதனையும் தேக்கின் வளையம் சொல்லாது. வறட்சியே இல்லாமலும் பஞ்சம் வரும் என்பதை இக்கரையோரத்தாரே அறிவர். 1942-இல் பர்மா ஜப்பானியர் வசமாகி அரிசிக் கப்பல்கள் நின்றுபோக, அடுத்த ஆண்டு திருவிதாங்கூரில் சேர்த்தலைப் பகுதித் தொழிலாளர் பலர் பட்டினியால் மடிந்தனர். எந்த மரமும் அதனை எழுதி வைக்கவில்லை.

"கம்மத்தை இங்ஙனம் ஒதுக்கினால் அறம் நிலைக்குமோ?" என்பாரும் உளர். நாம் கம்மத்தை ஒதுக்கவில்லை. இருக்க வேண்டிய இடத்தில் வைக்கின்றோம். கம்மமாவது சேதனை, அதாவது மனம் கருதிச் செய்வது. படியளவைக் குறைக்கக் கருதியவனுக்கும், விலையேறட்டும் எனக் களஞ்சியத்தைப் பூட்டியவனுக்கும் அது கம்மம். பட்டினி கிடந்தவன் அப்போது கருதியது யாது? தன் பிள்ளைக்கு ஒரு பிடி கஞ்சி வேண்டும் என்பதே. அவனை முற்பிறப்புக் குற்றவாளியாக்கும் சொல், பூட்டியவனை விடுவிக்கும் சொல்லாகும். இச்சொல்லை நாம் நன்கறிவோம். பஞ்சாலையில் கூலி வெட்டப்பட்ட நாளிலும் மேஸ்திரி நம்மிடம் தலைவிதி என்றே கூறினார். நம் முன்னோரைச் சேரிக்கு வெளியே வரவொட்டாமல் வைத்தவர்களும் இதனையே கூறினர். சக்கவத்தி சீஹநாத சூத்திரத்தில், அரசன் வறியவர்க்குப் பொருளீயாமையால் வறுமை பெருகிற்று, வறுமையால் களவு பெருகிற்று எனப் பகவன் காரணத்தை அடுக்கிக் காட்டுகின்றார். அங்கே வறியவரின் முற்பிறப்பு பேசப்படவில்லை.

இவ்வளவையும் அம்முதியவர் வீடு சென்று கூறினோம். நெடுநேரம் பேசாதிருந்தார். பின்பு, அவ்வெழுவர்க்கும் வரும் உபோசதத்தில் புண்ணியதானம் செய்யலாமா என்று கேட்டார். இசைந்தோம். பெயர்களை எழுதிக்கொள்ளத் தாளெடுத்தபோது அவருக்கு நான்கு பெயர்களே நினைவில் வந்தன. மற்ற மூவரும் சிறு பிள்ளைகளாம்.