ஈயத்தின் இரு பிறவிகள்

இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கப் படைச் சீருடை அணிந்தவர்கள் ஏறத்தாழ 1 கோடியே 60 லட்சம் பேர். 1945இல் போர் முடிந்து வீடு திரும்பும்போது, அவர்களில் பலருக்கு இருபது வயதை ஒட்டிய இளமை. ஆனால் ஓர் ஆயுளில் பார்க்கக்கூடிய மரணங்களை அதற்குள் பார்த்திருந்தார்கள். முன்னாள் வீரர்களின் மறுவாழ்வுக்காக 1944 ஜூனில் வந்த சட்டம் சிலரைக் கல்லூரிக்கு அனுப்பியது. சிலருக்குக் கைத்தொழில் பழகத் துணைநின்றது. அப்படி அச்சுத்தொழில் பழகி, நாளிதழ் ஒன்றில் பல்லாண்டு உழைத்து, தொண்ணூறு கடந்து கண்மூடிய ஒரு முதியவரின் வாழ்வை நினைத்துப் பார்க்கும்போதெல்லாம் என் மனம் தானாக அமைதியாகிறது.

அவரைப் போன்றவர்கள் அமர்ந்தது லைனோடைப் பொறியின் முன். ஓட்மார் மெர்கந்தாலர் உருவாக்கிய அந்தப் பொறி, 1886இல் நியூயார்க் டிரிபியூன் நாளிதழில் பணிக்கு வந்தது. மொத்தம் 90 விசைகள். விரல் பட்டால் பித்தளை அச்சுகள் ஒவ்வொன்றாக இறங்கி அணிவகுக்கும். உருகிய உலோகம் அவற்றில் பாய்ந்து, முழு வரி ஒன்று சுடச்சுட வார்ந்து விழும். பித்தளை அச்சுகள் மேலேறித் தத்தம் அறைக்குத் திரும்பிவிடும். வார்க்கப்பட்ட உலோகம் ஈயம். உறுதிக்காக வெள்ளீயமும் ஆன்டிமனியும் சேர்த்திருப்பார்கள்.

துப்பாக்கிக் குண்டின் உள்ளேயும் இருப்பது ஈயம்தான்.

இந்த இடத்தில் நெடுநேரம் நின்றிருக்கிறேன். போர்க்களத்தில் உயிரைத் துளைத்த உலோகம், அச்சகத்தில் ஊருக்குச் செய்தி சொன்னது. பிள்ளை பிறந்த வீட்டையும், மழை பொய்த்த வயலையும், இறந்தவரின் பெயரையும் தாங்கியது. ஈயத்துக்குப் பாவமும் இல்லை, புண்ணியமும் இல்லை. வார்க்கும் மனமே அதற்குப் பிறவி கொடுக்கிறது. கடந்த காலம் நம்மை எந்த அச்சில் வார்த்திருந்தாலும், மீண்டும் உருகச் சம்மதித்தால் இன்னொரு வடிவம் உண்டு. அந்த வீரர்கள் இதை உபதேசமாகக் கேட்கவில்லை. இரவுப்பணியில் விரல்களால் பழகினார்கள்.

ஈய எழுத்து இடவலம் மாறி இருக்கும். அச்சுக்கோப்பவர் அதைத் தலைகீழாகவே வாசித்துத் தேர்ந்தவர். வாசகர் நேராகப் படிக்க வேண்டும் என்பதற்காகத் தான் காலமெல்லாம் மாற்றிப் பார்த்தவர். கட்டுரையின் தலையில் எழுதியவர் பெயர் இருக்கும், கோத்தவர் பெயர் எங்கும் இராது. பக்கம் அச்சேறிய பின் வரிகள் மறுபடி உலைக்குப் போகும். நேற்று அவ்வளவு கவனமாகச் செய்தது இன்று உருகிக் கிடக்கும். அதே கவனத்தோடு மறுபடி தொடங்க வேண்டும். பயன் கருதாப் பணி என்று கீதை சொல்வதற்கும், அப்பர் பெருமான் உழவாரம் ஏந்திக் கோயில் முற்றத்தில் புல் செதுக்கியதற்கும் மிக அருகில் இந்த உழைப்பு இருக்கிறது.

தொழிலையே ஒருநாள் உலையில் இட நேர்ந்தது. 1978 ஜூலை முதல் நாள் இரவில் நியூயார்க் டைம்ஸ் தன் கடைசி ஈய எழுத்துப் பதிப்பைக் கோத்தது. கணினி வந்தாலும் வேலை போகாது என்று 1974இல் தொழிற்சங்கம் வாக்குறுதி பெற்றிருந்தது. வேலை நிலைத்தது, வாழ்நாளெல்லாம் சேர்த்த கைத்திறன் தேவையற்றுப் போனது. தலைநரைத்தவர்கள் புதிய விசைப்பலகை முன் மாணவர்களாக உட்கார்ந்தார்கள். தேர்ச்சி பெற்ற ஒன்றைக் கீழே வைத்துவிட்டு அரிச்சுவடியிலிருந்து தொடங்குவதும் துறவுதான். காவி உடுத்தாத துறவு.

எத்தனையோ பேரின் மரணச் செய்தியைக் கோத்த அந்த முதியவருக்கும் ஒருநாள் அதே பக்கத்தில் சில வரிகள் வரும். எந்தப் படையில் இருந்தார், எந்த நாளிதழில் உழைத்தார், எத்தனை பேரப்பிள்ளைகள் என்று அவை சொல்லும். பிழையின்றி அவர் அனுப்பிவைத்த லட்சக்கணக்கான வரிகளைப் பற்றி எதுவும் இராது. அதனால் அவர் வாழ்வு குறைந்துவிடுவதில்லை. அந்த வரிகள் சேர வேண்டியவர்களிடம் அன்றன்றே சேர்ந்துவிட்டன.

நம் கையில் இன்று இருக்கும் வேலையிலும் நம் பெயர் இல்லாமல் போகலாம். நாளையே அது அழிந்தும் போகலாம். இன்று அதைத் தேவைப்படும் ஒருவருக்காகப் பிழையின்றிச் செய்தால் போதும். நீண்ட ஆயுளுக்கு அதைவிடப் பெரிய பொருள் வேண்டியதில்லை.